தேங்கிய நீரின் கணக்கு

நுழையும்முன்

காய்ச்சல் வந்தபின் மருத்துவரை நாடுவது நாம் அறிந்த வழி. காய்ச்சல் வருவதற்கு முன்பே, அது எந்தத் தெருவில் பரவக்கூடும் என்பதைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொல்ல இயலுமா? நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியைப் போன்ற வறண்ட சமவெளி ஊர்களை முன்வைத்து, கொசுக்கள் பரப்பும் வைரஸ் நோய்களையும் கொசுக்களைக் கணக்கெடுக்கும் முறைகளையும் விளக்குகிறது இப்பாடம்.

வறண்ட நிலத்துக் கொசு

கொல்லிமலையைக் கண்ணெதிரே கொண்ட சமவெளி ஊர் எருமப்பட்டி. நாமக்கல் மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்று. சோளமும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி நிலங்கள், கோழிப்பண்ணைகள், சாலையோரத்தில் லாரிப் பட்டறைகள் என்பவை இம்மாவட்டத்துச் சமவெளியின் வழக்கமான காட்சிகள். ஆண்டு முழுவதும் நீர் ததும்பும் வயல்களோ வாய்க்கால்களோ இப்பகுதியில் குறைவு. எனவே, கொசுவால் பரவும் நோய்கள் இங்குக் குறைவாகத்தான் இருக்கும் என்று எவரும் எண்ணக்கூடும். டெங்குக் காய்ச்சலைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் தவறானது.

எல்லாக் கொசுக்களும் ஒரே நீரை விரும்புவதில்லை. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள் நெல்வயலில் தேங்கிய நீரில் வளர்கின்றன. யானைக்கால் நோயைப் பரப்பும் மற்றொரு கியூலெக்ஸ் வகைக்குச் சாக்கடை நீரே உகந்தது. டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா ஆகிய மூன்றையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசுவோ, வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் மனிதர் சேமித்து வைத்த தெளிந்த நீரையே நாடுகிறது. குளத்தையும் ஆற்றையும் அது பொருட்படுத்துவதில்லை. தொட்டி, அண்டா, பிளாஸ்டிக் டிரம், பயன்பாட்டில் இல்லாத ஆட்டுக்கல்லின் குழி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கோழிக்கு நீர் வைத்த மண்சட்டி, கொட்டாங்குச்சி ஆகியவையே அதன் குளமும் ஏரியும்.

இப்போது வறட்சிக்கும் டெங்குவுக்கும் உள்ள உறவு தெளிவாகும். குழாயில் நாள்தோறும் நீர் வரும் ஊரில் யாரும் நான்கு நாள்களுக்கான நீரைத் தேக்கி வைப்பதில்லை. வாரத்திற்கு ஓரிரு முறை மட்டும் குடிநீர் வரும் ஊரில், வீட்டிலுள்ள பாத்திரங்கள் அனைத்தும் நிரப்பப்படுகின்றன. அடியில் சிறிது நீர் எஞ்சியிருக்கும்போதே அடுத்த முறை வரும் நீர் அதன்மேல் ஊற்றப்படுகிறது. தொட்டி ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் ஏடிஸ் கொசு பெருகுவதற்கு இதுவே காரணம். இதில் மக்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில், தொட்டியைக் கவிழ்த்துக் காயவைக்கச் சொல்வது எளிது, செய்வது அரிது.

டயர் செய்த பயணம்

நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். லாரி இருக்கும் இடத்தில் பழைய டயரும் இருக்கும். மழையில் நனைந்த டயரை எப்படித் திருப்பி வைத்தாலும் அதன் உட்குழிவில் ஒரு கை நீராவது தங்கிவிடும். கறுப்பு நிறம் வெப்பத்தை ஈர்க்கிறது; உட்புறம் நிழலாக இருக்கிறது; காற்றில் வந்து விழும் இலைத் துகள்கள் புழுக்களுக்கு உணவாகின்றன. ஏடிஸ் கொசுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது கடினம்.

இக்கொசு தன் முட்டைகளை நீரின்மேல் இடுவதில்லை; நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்ட வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் அழிவதில்லை. பல மாதங்கள் உலர்ந்த நிலையிலேயே உயிருடன் இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிகின்றன. 'ஆசியப் புலிக்கொசு' எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கண்டம் விட்டுக் கண்டம் சென்ற வழியும் இதுதான். ஆசியாவிலிருந்து கப்பலில் ஏற்றுமதியான பழைய டயர்களுக்குள் இதன் முட்டைகள் கடல் கடந்தன. 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் இக்கொசு நிலைபெற்றிருப்பது கண்டறியப்பட்டது. பின்னர் அந்நாட்டின் பல மாநிலங்களுக்கும் அது பரவியது. தொட்டியின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்கள் வலியுறுத்துவதன் காரணத்தை இதிலிருந்து உணரலாம். கொட்டிய நீரோடு புழுக்கள் போய்விடும். சுவரில் ஒட்டிய முட்டைகள் போவதில்லை.

தமிழகம் கண்ட காய்ச்சல்கள்

கொசுவழி வைரஸ் நோய்களின் இந்திய வரலாற்றில் தமிழகத்திற்குத் தனியிடம் உண்டு. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் அறியப்பட்டது 1955 இல் வேலூரில்தான். சிக்குன்குன்யா 1963 இல் கொல்கத்தாவிலும் அதற்கடுத்த ஆண்டில் சென்னையிலும் பரவியது. அதன்பின் பல ஆண்டுகள் ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்த அந்நோய், 2005 இன் இறுதியில் இந்தியாவில் மீண்டும் தலைதூக்கி, 2006 இல் தமிழக மாவட்டங்கள் பலவற்றில் ஊர் ஊராகப் பரவியது. சிக்குன்குன்யா என்பது ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழிச் சொல். வளைந்து போதல் என்னும் பொருளுடையது. மூட்டுவலியால் நிமிர முடியாமல் நடந்தவர்களைக் கண்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் புரியும்.

டெங்குவும் கொடியது. தேசிய அளவிலான அரசுக் கணக்கின்படி, 2012 இல் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு உறுதிசெய்யப்பட்டு 66 பேர் உயிரிழந்தனர். கடையநல்லூர்ப் பகுதி அவ்வாண்டு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2017 இல் 23,294 பேர் பாதிக்கப்பட, 65 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு சேலம் உள்ளிட்ட மேற்குச் சமவெளி மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகள் காய்ச்சல் நோயாளிகளால் நிரம்பின. அதே 2017 இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலைக்கிராமம் ஒன்றில் ஜிகா நோயாளி ஒருவரும் கண்டறியப்பட்டார்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் பாதிக்கப்பட்டவருக்கு அவ்வகைக்கு எதிரான ஆற்றல் நீடித்து நிற்கும். மற்ற மூன்றிலிருந்தும் அது அவரை நெடுங்காலம் காப்பதில்லை. இரண்டாம் முறை வேறொரு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. "எனக்கு முன்பே டெங்கு வந்துவிட்டது" என்று ஒருவர் கவலையின்றி இருப்பது பொருத்தமற்றது.

காய்ச்சலுக்கு முந்தைய நாள்கள்

நோயாளிகளை மட்டும் எண்ணினால் போதாதா? கொசுவை ஏன் எண்ண வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காலக்கணக்கில் இருக்கிறது.

நோயுற்ற ஒருவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்புவதில்லை. வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய 8 முதல் 12 நாள்கள் ஆகும். அக்கொசு கடித்த மனிதருக்குக் காய்ச்சல் தோன்ற மேலும் 4 முதல் 10 நாள்கள். காய்ச்சல் கண்டவர் ஓரிரு நாள்கள் வீட்டிலிருந்து, பின் மருத்துவமனைக்குச் சென்று, இரத்தப் பரிசோதனை முடிந்து, அவர் பெயர் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் ஏறும்போது, அவரைக் கடித்த கொசு ஏறத்தாழ இரு வாரங்களுக்கும் மேலான பழங்கதையாகியிருக்கும். அதற்குள் அதே தெருவில் அடுத்த தலைமுறைக் கொசுக்கள் அவரிடமிருந்தே வைரஸைப் பெற்றிருக்கவும் கூடும்.

அதுமட்டுமன்று. டெங்குத் தொற்றுக்கு உள்ளாவோருள் பெரும்பான்மையோருக்கு நோய் அறிகுறி வெளிப்படுவதே இல்லை. 2013 இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு ஒன்று, ஆண்டுதோறும் 39 கோடி டெங்குத் தொற்றுகள் நிகழ்வதாகவும், அவற்றுள் ஏறத்தாழ 9.6 கோடி மட்டுமே நோயாக வெளிப்படுவதாகவும் கூறியது. மருத்துவமனைப் பதிவேட்டில் நான்கு பெயர்கள் இருக்குமாயின், அவ்வூரில் வைரஸைச் சுமந்து நடமாடியவர்கள் நால்வர் மட்டுமல்லர்.

கொசுவோ நெடுந்தொலைவு பறப்பதில்லை. ஏடிஸ் எஜிப்தி பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர்களுக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. வைரஸை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டு செல்வது பேருந்தும் லாரியும் ஏறிச் செல்லும் மனிதர்களே. ஆகவே, கொசு இன்று எங்கே மிகுந்துள்ளது என்பது தெரிந்தால், நாளை வைரஸ் வந்து இறங்கும்போது எந்தத் தெரு முதலில் பற்றிக்கொள்ளும் என்பதை முன்னுணரலாம்.

வீடு, கலன், நூறு

கொசுவை எண்ணுவது எனின், பறக்கும் கொசுவை எண்ணுவது கடினம். அதன் புழுவை எண்ணுவது எளிது. கையில் டார்ச் விளக்குடன் வீடு வீடாகச் சென்று தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் பணியாளர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் வெறுமனே பார்த்துச் செல்வதில்லை, கணக்கெடுக்கிறார்கள். ஒளி பட்டவுடன் ஏடிஸ் புழுக்கள் நெளிந்து அடிக்குச் சென்று மறையும். சிறிது நேரம் காத்திருந்தால் மூச்சு வாங்க மீண்டும் மேலே வரும். அந்தப் பொறுமை இல்லாதவர் கண்ணுக்குப் புழு நிறைந்த தொட்டியும் தூய தொட்டியாகவே தோன்றும்.

இக்கணக்கிலிருந்து மூன்று குறியீடுகள் பெறப்படுகின்றன. ஓர் ஊரில் 100 வீடுகளைச் சோதித்ததாகவும், அவற்றுள் 8 வீடுகளில் புழு இருந்ததாகவும் கொள்வோம். வீட்டுக் குறியீடு 8. அவ்வீடுகளில் நீருள்ள கலன்கள் மொத்தம் 300. புழு இருந்தவை 12. கொள்கலன் குறியீடு நூற்றுக்கு 4. நூறு வீடுகளுக்குப் புழுவுள்ள கலன்கள் எத்தனை என்பது மூன்றாவது. இங்கு அது 12. இம்மூன்றாவது, 1954 இல் இம்முறையை முன்வைத்த பிரெஞ்சு ஆய்வாளரின் பெயரால் பிரெட்டோ குறியீடு எனப்படுகிறது. வீடுகளையும் கலன்களையும் ஒருங்கே கணக்கில் கொள்வதால் மூன்றனுள் இதுவே பெரிதும் பயன்படுகிறது.

இக்குறியீடுகள் டெங்குவுக்காகப் பிறந்தவை அல்ல. அமெரிக்க, ஆப்பிரிக்க நாடுகளில் மஞ்சள் காய்ச்சலை ஒடுக்கும் முயற்சியில் உருவானவை. அந்நோயையும் பரப்புவது இதே ஏடிஸ் எஜிப்திதான். வீட்டுக் குறியீடு 1க்கும், பிரெட்டோ குறியீடு 5க்கும் கீழே இருந்தால் மஞ்சள் காய்ச்சல் பரவாது என அந்நாளில் வகுத்தனர். டெங்குவுக்கு அவ்வாறு உறுதியான எல்லைக்கோடு எதுவும் நிலைநாட்டப்படவில்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையிலான கொசுக்களே டெங்குவைப் பரப்பப் போதுமானவை என்பது இதற்கொரு காரணம். இரத்தம் உறிஞ்சும்போது சிறிது அசைந்தாலும் இக்கொசு எழுந்து பறந்து, அடுத்தவரைக் கடிக்கும். ஒரே கொசு ஒரு வீட்டிலுள்ள அனைவருக்கும் நோயைத் தர இயலும்.

> தெரிந்து தெளிவோம்
>
> 1939 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று. கொசுக் கட்டுப்பாட்டிற்கெனத் தனி இயல் அதில் உண்டு. கொசு உற்பத்தியாகும் வகையில் நீரைத் தேங்கவிடுவதை அச்சட்டம் தடைசெய்கிறது. இச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

எண்கள் மறைப்பவை

மேலே கண்ட கணக்கிற்கு மீண்டும் வருவோம். புழுவிருந்த 12 கலன்களுள் 11 கொட்டாங்குச்சிகளும் தேநீர்க் குவளைகளும் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு புழுக்கள். பன்னிரண்டாவது, மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி. அதனுள் நூற்றுக்கணக்கான புழுக்கள். குறியீடு இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. கொட்டாங்குச்சியும் ஒன்று, தொட்டியும் ஒன்று. நாள் முழுவதும் கொட்டாங்குச்சிகளைப் பொறுக்கிய குழு, குறியீட்டை 12இலிருந்து 1ஆகக் குறைத்துவிட்டதாக மகிழ்ந்து அறிக்கை தரலாம். ஊரிலுள்ள கொசுக்களின் எண்ணிக்கையோ பெரிதாகக் குறைந்திராது.

இக்குறையைப் போக்கவே கூட்டுப்புழுக்களை எண்ணும் முறை 1990களில் வலியுறுத்தப்பட்டது. கொசுவின் வளர்ச்சியில் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த கொசு என நான்கு நிலைகள் உண்டு. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாள்கள் போதும். புழுப் பருவத்தில் உணவின்றியும் நெருக்கடியாலும் பல மடிந்துவிடுகின்றன. காற்புள்ளி வடிவில் சுருண்டிருக்கும் கூட்டுப்புழுவோ உணவு உண்பதில்லை. இரண்டு நாள்களில் அது கொசுவாகப் பறந்துவிடும். ஆகையால், கூட்டுப்புழுக்களின் எண்ணிக்கையே நாளைய கொசுக்களின் எண்ணிக்கைக்கு மிக அருகில் நிற்கிறது. இவ்வாறு எண்ணிப் பார்த்த பல ஊர்களில், மிகச் சில வகைக் கலன்களே பெரும்பான்மையான கொசுக்களை உற்பத்தி செய்வது தெரியவந்தது. எவ்வகைக் கலன் என்பது ஊருக்கு ஊர் மாறும். கடலோர நகரில் அது மேல்நிலைத் தொட்டியாக இருக்கலாம்; நாமக்கல் பகுதியில் டயராகவோ டிரம்மாகவோ இருக்கலாம். எண்ணிப் பார்த்தாலன்றி அறிய இயலாது.

சிங்கப்பூரின் பட்டறிவு இங்குக் குறிப்பிடத்தக்கது. 1966 இல் அங்கு வீட்டுக் குறியீடு 48. கடுமையான சட்டத்தாலும் இடைவிடாத சோதனையாலும் 1970களில் அது 2 என்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. உலகமே வியந்த வெற்றி அது. எனினும் 1990களில் டெங்கு அந்நகரில் மீண்டும் பரவியது. நீண்டகாலம் நோய் குறைந்திருந்ததால் மக்களிடையே எதிர்ப்பாற்றலும் குறைந்திருந்தது என ஆய்வாளர்கள் விளக்கினர். மற்றொரு காரணத்தையும் சுட்டினர். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலையிலும் மாலைக்கு முந்தைய வேளையிலும் அதன் கடி மிகுதி. அவ்வேளையில் மக்கள் வீட்டில் இருப்பதில்லை. பள்ளியிலும் பணியிடத்திலும் இருக்கின்றனர். வீடுகளை மட்டும் எண்ணிய குறியீட்டில் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி இடம்பெறவே இல்லை.

முட்டைக்கு ஒரு பொறி

புழு கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிட்ட இடத்தில் வேறொரு முறை தேவைப்படுகிறது. 1960களில் அமெரிக்காவில் உருவான முட்டைப்பொறி மிக எளிய கருவி. ஒரு கறுப்பு நிறக் குவளை, பாதியளவு நீர், அதில் சாய்த்து வைத்த சொரசொரப்பான மரப்பட்டை. முட்டையிட இடம் தேடும் பெண்கொசு இருண்ட குவளையை விரும்பி வந்து, பட்டையில் முட்டைகளை ஒட்டிவிட்டுச் செல்லும். வாரம் ஒருமுறை பட்டையை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் எண்ணுகின்றனர். குவளையை ஒரு வாரத்திற்குள் தவறாமல் மாற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால், கொசுவைக் கண்காணிக்க வைத்த பொறியே கொசுவை வளர்க்கும் தொட்டியாகிவிடும். சிங்கப்பூரில் இன்று முட்டையிட வரும் கொசுவை ஒட்டிப் பிடிக்கும் பொறிகள் பல்லாயிரக்கணக்கில் குடியிருப்புகளில் வைக்கப்பட்டுள்ளன.

பிடிபட்ட கொசுக்களை எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடுவதில்லை. அவற்றைச் சிறு குழுக்களாகப் பிரித்து அரைத்து, வைரஸின் மரபுப்பொருள் உள்ளதா என ஆய்வகத்தில் சோதிக்கின்றனர். தாய்க்கொசுவிடமிருந்து முட்டை வழியாகவும் டெங்கு வைரஸ் ஓரளவு அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், ஒருவரையும் கடித்திராத புதிய கொசுவிலும் அது காணப்படலாம். தமிழகத்தில் பொது சுகாதாரத் துறையின் கீழ் ஓசூரில் இயங்கும் நிறுவனமும், 1975 இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் இத்துறையில் பணியாற்றுகின்றன. மதுரையில் செயல்பட்ட மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், நெல்வயல் கொசுக்களையும் மூளைக்காய்ச்சலையும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது.

கொசுவையே நோய் பரப்ப இயலாததாக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவை உடலில் கொண்ட ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் எளிதில் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அத்தகைய கொசுக்களை வெளியில் விட்டு நடத்திய ஆய்வில், டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021 இல் அறிவிக்கப்பட்டது. புதுச்சேரி மையமும் இவ்வகைக் கொசுக்களை உருவாக்கியுள்ளது. இம்முறைக்கும் கணக்கெடுப்பே அடிப்படை. விட்ட கொசு நிலைத்ததா, ஊர்க்கொசுக்களுள் எத்தனை பங்கு அந்தப் பாக்டீரியாவைப் பெற்றன என்பதை வாரந்தோறும் பிடித்து எண்ணித்தான் அறிய வேண்டும்.

புகையும் புழுவும்

காய்ச்சல் பரவும்போது மக்கள் முதலில் கேட்பது புகைமருந்தைத்தான். இரைச்சலோடு வெண்புகை தெருவில் எழுந்தால், ஏதோ நடக்கிறது என்ற மனநிறைவு உண்டாகிறது. புகை, அந்நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். வீட்டிற்குள் கட்டிலின் அடியிலும் தொங்கும் துணிகளின் மடிப்பிலும் ஓய்வெடுக்கும் ஏடிஸ் கொசுவைத் தெருப்புகை பெரும்பாலும் தீண்டுவதில்லை. தொட்டியிலுள்ள புழுவுக்கும் அதனால் கேடில்லை. நோயாளி கண்டறியப்பட்ட வீட்டைச் சுற்றி உடனே அடிக்கும் புகைக்குப் பயன் உண்டு. ஊர் முழுவதும் அடிக்கும் புகை பெரிதும் காட்சிக்கே உதவுகிறது. டார்ச் விளக்கோடு தொட்டிக்குள் குனிந்து பார்ப்பவரின் பணியில் இரைச்சலும் இல்லை, புகையும் இல்லை. அதனாலேயே அது கவனிக்கப்படுவதில்லை. சில வீடுகளில் அவருக்குக் கதவும் திறக்கப்படுவதில்லை.

கணக்கெடுப்பையும் மீறி நோய் வரும்போது அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெங்குவை அழிக்கும் தனி மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நீர்ச்சத்துக் குறையாமல் காப்பதே சிகிச்சையின் அடிப்படை. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக்கசிவை மிகுவிக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். பலரும் ஏமாறும் கட்டம், காய்ச்சல் தணியும் நாள். நோய் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல்வெப்பம் குறையும்போதுதான் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குச் செல்லக்கூடும். அப்போது கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் விட்டுவிட்டது என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் தமிழகத்தில் டெங்கு உச்சத்தை நோக்கிச் செல்கிறது. கோடையில் காய்ந்து கிடந்த டயர்களிலும் ஆட்டுக்கற்களிலும் ஒட்டியிருந்த முட்டைகள் முதல் மழையிலேயே பொரிகின்றன. பத்தாம் நாளில் அவை பறக்கும். ஏழு நாள்களுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வதும், பணியாளர் வாரந்தோறும் அதே வீட்டுக்கு வருவதும் கொசுவின் இந்த நாள்காட்டியைப் பார்த்து வகுக்கப்பட்டவையே.